ரத்தத்தில் இல்லாத கிருமிக்கு எதற்கு மாத்திரை?

எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஒழுங்காக மருந்து எடுத்தால், பெரும்பாலும் சில மாதங்களிலேயே ரத்தப் பரிசோதனையில் கிருமி கண்டறியப்படவில்லை என்று வந்துவிடும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் 20 அல்லது 50 பிரதிகளுக்குக் கீழே போனால் கருவியால் எண்ண முடியாது. அந்த வரி சொல்வது அவ்வளவுதான். ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிறவர் அப்படிப் படிப்பதில்லை. அவருக்கு இல்லையென்றால் இல்லை.

எங்கள் சுங்கை சிப்புட்டில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் இருக்கிறார். தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். வாலிபத்தில் போதை ஊசிப் பழக்கம் வழியாக வந்த நோய். மலேசியாவில் 90களிலும் 2000களின் தொடக்கத்திலும் எச்.ஐ.வி. பெரும்பாலும் அந்த வழியில்தான் பரவியது, நம் தோட்டத்துப் பையன்களும் அதில் தப்பவில்லை. அரசாங்கம் 2005-ல் போதை ஊசிக்குப் பதிலாக மெத்தடோன் மருந்து தரும் திட்டத்தையும் அடுத்த ஆண்டு ஊசி மாற்றுத் திட்டத்தையும் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பாதை அடைபடத் தொடங்கியது. இதைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள், அது வேறு கதை.

அண்ணன் என்னிடம் கேட்டது இது: "டீச்சர், ரெண்டு வருசமா டெஸ்ட்ல ஒன்னும் இல்லங்கிறாங்க. இல்லாத ஒன்னுக்கு எதுக்கு நான் சாகுற வரைக்கும் மாத்திரை போடணும்?" இதற்கு நடுவில், நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டால் மிச்சம் மீதியும் ஓடிவிடும் என்று சொல்லி யாரோ ஒரு பழச்சாறு பாட்டிலை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். மாதம் முந்நூறு ரிங்கிட். எனக்கு வந்த கோபத்தை அங்கே காட்டவில்லை, இங்கே காட்டிக்கொள்கிறேன்.

நான் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறவள், டாக்டர் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நல்ல உயிரியல் கேள்வி. பதில் ரத்தத்தில் இல்லை, ஒரு செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பரவாயில்லை என்றால் படியுங்கள்.

முதலில் இந்த வைரஸிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். ஒன்பது மரபணு. சுமார் 9,700 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ., அதுவும் இரண்டு பிரதி. நம்மிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் மட்டுமே ஏறக்குறைய 20,000 இருக்கின்றன. ஒன்பதை வைத்துக்கொண்டு ஒரு உயிரினத்தையே ஆட்டிப்படைக்கிறதே என்று வியப்பார்கள். எனக்கு அந்த வியப்பில் உடன்பாடு இல்லை. ஒன்பதுதான் இருப்பதால் அதற்கு எல்லாமே கடன். டி.என்.ஏ. செய்யும் மூலப்பொருள், ஆர்.என்.ஏ. எழுதும் நொதி, புரதம் செய்யும் ரைபோசோம் என்று எல்லாமே நம்முடையவை. ஆகவே அது பெருகுமா பெருகாதா என்பதில் பாதி முடிவு, அது நுழைந்த செல் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அண்ணனுக்குச் சொல்ல வேண்டியிருந்ததும் இதுதான்.

அது நுழைவது பெரும்பாலும் சிடி4 என்ற புரதத்தை மேற்பரப்பில் வைத்திருக்கும் டி செல் என்ற வெள்ளணுவுக்குள். கூடவே சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற இன்னொரு புரதமும் வேண்டும். வெள்ளணுக்களை உடம்பின் போர்வீரர்கள் என்று சொல்லிக்கொடுத்தே நமக்குப் பழக்கம், அந்தப் பேச்சு இங்கே உதவாது. இந்த செல்கள் பெரும்பாலான நேரம் சண்டை எதுவும் போடுவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை பார்த்த கிருமியின் நினைவை வைத்துக்கொண்டு, பிரியாமல், அதிகமாக எதையும் தயாரிக்காமல், ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கும். அந்த 'சும்மா'தான் இந்தக் கதைக்கு முக்கியம்.

உள்ளே வந்த வைரஸுக்கு முதல் சிக்கல் செல்லின் திரவப் பகுதியிலேயே தொடங்குகிறது. பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் இந்தப் பகுதியை நான் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டதில்லை. நம் செல்களில் வைரஸைத் தடுக்கும் புரதங்கள் சில, எப்போதும் தயாராக இருக்கின்றன. அபோபெக்3ஜி என்று ஒன்று. வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதும்போது இது உள்ளே புகுந்து ஒரு எழுத்தை இன்னொன்றாக மாற்றிக்கொண்டே போகும். எழுதி முடிக்கும்போது அந்தப் பிரதி குப்பை. வைரஸிடம் இதற்குப் பதில் இருக்கிறது: விஃப் என்ற ஒரு புரதம். அது அபோபெக்கை நேரடியாகத் தாக்குவதில்லை. நம் செல் தனக்கு வேண்டாத புரதங்களை அழிக்க வைத்திருக்கும் ஏற்பாட்டிடமே அதைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. அழிப்பதற்குக்கூட கடன்தான், பார்த்தீர்களா. அபோபெக்3ஜி 2002-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் விஃப் எதற்காக இருக்கிறது என்றே பலருக்கும் புரியாமல் இருந்தது.

ட்ரிம்5 ஆல்ஃபா என்று இன்னொன்று. ரீசஸ் குரங்கின் செல்லில் இது எச்.ஐ.வி.யின் கூம்பு வடிவப் புரதக் கூட்டைப் பிடித்துக் குலைத்துவிடும், அதனால் அந்தக் குரங்குக்கு எச்.ஐ.வி.-1 தொற்றுவதில்லை. மனிதர்களுக்கும் அதே புரதம் உண்டு, ஆனால் வேலைக்கு ஆகாது. பரிசோதனைச்சாலையில் மனித ட்ரிம்5-ன் 332-ஆம் இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினார்கள், அது எச்.ஐ.வி.யைத் தடுக்க ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒரு அமினோ அமிலம். இத்தனை லட்சம் சாவு. இதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

டெதரின், செரின்க்5 எல்லாம் வைரஸ் வெளியேறும் இடத்திலும் வெளியேறிய பிறகும் தொல்லை கொடுப்பவை. முதலாவதற்கு விபியு, இரண்டாவதற்கு நெஃப் என்று வைரஸ் பதில் வைத்திருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன். சாம்எச்டி1-ஐ மட்டும் விட முடியாது. டி.என்.ஏ. கட்டத் தேவையான நான்கு வகை மூலப்பொருளையும் இது உடைத்துக்கொண்டே இருக்கும். பிரியாத செல்லுக்கு டி.என்.ஏ. அதிகம் தேவையில்லை, எனவே அங்கே இது முழு வேகத்தில் இயங்கும், வைரஸுக்கு எழுதுவதற்குப் பொருள் கிடைக்காது. செல் பிரியத் தயாராகும்போது அதன் சொந்த நொதிகளே சாம்எச்டி1-ஐ அடக்கிவைக்கும், உடனே வைரஸுக்கும் வழி திறக்கும். எச்.ஐ.வி.-2 என்ற இன்னொரு வகை இதை முறிக்க விபிஎக்ஸ் என்ற புரதம் வைத்திருக்கிறது. உலகெங்கும் பரவிய எச்.ஐ.வி.-1-இடம் அது கிடையாது. முழித்திருக்கும் செல்லையே அது நம்பியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, இதையெல்லாம் தாண்டி உட்கருவுக்குள் போய் இன்டிக்ரேஸ் நொதியின் உதவியால் நம் டி.என்.ஏ.வோடு தன்னை ஒட்டிக்கொண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அது நம் மரபணுக்களோடு மரபணு. 300 கோடி எழுத்துக்கு நடுவே 9,700 எழுத்து. அதை அங்கிருந்து வெட்டி எடுக்கும் மருந்து எதுவும் இன்று மருத்துவமனையில் கிடையாது. இங்கிருந்து அந்த 9,700 எழுத்து படிக்கப்படுமா, சும்மா கிடக்குமா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

படிக்க ஆரம்பிக்க முதலில் யாராவது அந்த இடத்துக்கு வர வேண்டும். டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்கள் மேல் சுற்றப்பட்டுத்தான் இருக்கும், எச்.ஐ.வி.யில் எழுத்துத் தொடங்கும் இடத்தை ஒட்டியே அப்படி ஒரு சுற்று விழுந்து வழியை மறித்துக்கொள்ளும். அதை விலக்கி வேலையைத் தொடங்கிவைக்கிறவற்றில் முக்கியமானது என்.எஃப். கப்பா பி என்ற புரதம். சும்மா இருக்கும் டி செல்லில் இது உட்கருவுக்கு வெளியே கட்டிப்போடப்பட்டிருக்கும். அந்த செல் தனக்குப் பழக்கமான ஒரு கிருமியைச் சந்தித்தால் கட்டு அவிழும், என்.எஃப். கப்பா பி உட்கருவுக்குள் ஓடும், கிருமியை எதிர்க்கத் தேவையான மரபணுக்களையெல்லாம் தட்டி எழுப்பும். எச்.ஐ.வி.யின் தொடக்கப் பகுதியில் இதே புரதம் வந்து உட்காருவதற்கு இடம் இருக்கிறது. அதாவது நம் உடல் ஒரு காய்ச்சலை எதிர்க்க ஒரு செல்லை எழுப்பினால், அந்த செல்லுக்குள் ஒளிந்திருக்கும் எச்.ஐ.வி.யும் அதே கட்டளையில் எழும்.

இப்போது அந்தப் பழச்சாறுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாறு எதையும் எழுப்புகிறது என்று நான் நம்பவில்லை, அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். ஆனால் அவர் விற்கும் கருத்து இருக்கிறதே, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டினால் எச்.ஐ.வி. ஓடிவிடும் என்பது, அதுதான் தலைகீழ். இதை மருத்துவர்களே முறையாக முயன்றும் பார்த்தார்கள். டி செல்லைப் பெருகச்செய்யும் இன்டர்லூக்கின்-2 என்ற மருந்தை எஸ்பிரிட், சில்காட் என்ற இரண்டு பெரிய ஆய்வுகளில் எச்.ஐ.வி. மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 2009-ல் முடிவு வெளியானது. சிடி4 எண்ணிக்கை நன்றாகவே ஏறியது, ஆனால் நோயும் சாவும் குறையவில்லை.

என்.எஃப். கப்பா பி வந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. ஆர்.என்.ஏ. எழுதும் நொதி வேலையைத் தொடங்கி அறுபது எழுத்துப் போனதும் நின்றுவிடும். இது எச்.ஐ.வி.க்கு மட்டும் வைத்த தடை இல்லை, நம் சொந்த மரபணுக்கள் பலவற்றிலும் இப்படித்தான் நின்று, அனுமதி வந்த பிறகு நகரும். அனுமதி தருவது பி-டெஃப்பி என்ற இரட்டைப் புரதம், சைக்ளின் டி1-ம் (ஆங்கிலத்தில் T1) சிடிகே9-ம் சேர்ந்தது. சும்மா இருக்கும் செல்லில் சைக்ளின் டி1 மிகக் குறைவு. இருக்கிற பி-டெஃப்பியிலும் பெரும்பகுதியை ஹெக்சிம்1 என்ற புரதம் ஒரு சிறு ஆர்.என்.ஏ.வின் துணையோடு முடக்கி வைத்திருக்கும்.

இந்த இடத்தில்தான் வைரஸின் டாட் புரதம் வருகிறது. நூறு அமினோ அமிலம்கூட இருக்குமோ இருக்காதோ, அவ்வளவு சின்னது. பாதியில் நின்றுபோன அந்த அறுபது எழுத்து ஆர்.என்.ஏ. தானாகவே கொண்டை ஊசி வடிவில் மடிந்திருக்கும். டாட் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, முடங்கிக் கிடக்கும் பி-டெஃப்பியை அங்கே இழுத்து வந்துவிடும். நொதி கிளம்பி 9,700 எழுத்தையும் எழுதி முடிக்கும், அதிலிருந்து இன்னும் டாட் வரும், அது இன்னும் வேகமாக எழுதவைக்கும். நூறு மடங்கு என்றெல்லாம் ஏறும். எலியின் சைக்ளின் டி1-ல் 261-ஆம் இடத்தில் மனிதனிடமிருந்து ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது, சிஸ்டீனுக்குப் பதில் டைரோசின். அதனாலேயே டாட்டால் எலி செல்லில் இந்த வேலையைச் செய்ய முடிவதில்லை. இங்கேயும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான்.

இதில் ஒரு முட்டுக்கட்டையைக் கவனித்திருப்பீர்கள். டாட் வேண்டுமென்றால் முழு ஆர்.என்.ஏ. வேண்டும், முழு ஆர்.என்.ஏ. வேண்டுமென்றால் டாட் வேண்டும். அப்படியானால் முதல் டாட் எங்கிருந்து? தற்செயலாக, எப்போதாவது ஒரு நொதி நிற்காமல் கடந்துபோய்விடும், அதிலிருந்து. அந்த முதல் சில டாட் போதிய அளவுக்குச் சேர்ந்தால் சுழற்சி பிடித்துக்கொள்ளும். சேர்வதற்குள் சிதைந்துவிட்டால் அணைந்துவிடும். ஒரே மாதிரியான இரண்டு செல்லில் ஒன்று வைரஸைப் பொழிவதும் இன்னொன்று அமைதியாக இருப்பதும் இதனால் நடக்கலாம். செல்லின் நிலையைவிட இந்தத் தற்செயலே பெரிது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். நான் செல்லின் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் அவர்கள் சொல்வதையும் ஒதுக்க முடியாது.

ரெவ் என்று இன்னொரு புரதம் உண்டு. வெட்டப்படாத முழு ஆர்.என்.ஏ.வை உட்கருவிலிருந்து வெளியே அனுப்புவது அது. ரெவ் போதிய அளவு சேரும்வரை புது வைரஸ் உருவாகாது. இரண்டாவது தடை, அவ்வளவுதான்.

இவ்வளவும் தாண்டிய செல் ஓரிரண்டு நாளில் செத்துவிடும், அதற்குள் ஏராளமான வைரஸை விட்டுவிட்டு. மருந்தில்லாத ஒருவர் உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ் உருவாகிறது என்று 1996-லேயே கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்து எடுத்தால் இந்தக் கூட்டம்தான் காணாமல் போகிறது. அண்ணன் கையில் இருக்கும் ரிப்போர்ட் சொல்வது இதைப் பற்றி மட்டும்தான்.

ஆனால் சில செல்கள், வைரஸ் ஒட்டிக்கொண்ட சமயத்தில், வேலை முடிந்து சும்மா இருக்கும் நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். என்.எஃப். கப்பா பி வெளியே போய்விடும், பி-டெஃப்பி முடங்கிவிடும், ஹிஸ்டோன் இறுகிவிடும். வைரஸும் அப்படியே கிடக்கும். புரதம் எதுவும் செய்யாததால் மற்ற வெள்ளணுக்களின் கண்ணிலும் படாது. இப்படிப்பட்ட செல் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். இவற்றின் எண்ணிக்கை பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகிறது. அந்தக் கணக்கில் முழுதும் தீர 70 ஆண்டுக்கு மேல். போதாக்குறைக்கு இந்த செல்கள் வைரஸை எழுப்பாமலே பிரிந்து பெருகுவதும் உண்டு, பிரியும்போது உள்ளே இருப்பதும் சேர்ந்தே பிரதியாகும்.

இப்போது நம் மருந்துகளைப் பாருங்கள். ஒன்று செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும், ஒன்று டி.என்.ஏ.வாக எழுதுவதைத் தடுக்கும், ஒன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும், ஒன்று வெளியேறிய வைரஸ் முதிர்வதைத் தடுக்கும், அண்மையில் வந்த லெனகாபவிர் அதன் புரதக் கூட்டைக் குறிவைக்கும். ஒட்டிக்கொண்ட பிறகு அந்த 9,700 எழுத்து படிக்கப்படுவதைத் தடுக்க அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இல்லை. சும்மா கிடக்கும் செல்லை இவை தொடுவதே இல்லை. அது எழுந்து விடும் வைரஸ் அடுத்த செல்லைப் பிடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்கின்றன. மாத்திரை தினமும் வேண்டியிருப்பது அதனால்தான். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் வைரஸ் திரும்பிவிடும்.

அண்ணனுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. லாலாங் புல்லைச் சொன்னேன். மருந்தடித்து மேலே ஒரு பச்சைகூடத் தெரியாமல் போன பிறகும் மண்ணுக்கடியில் தண்டு கிடக்கும், அடுத்த மழைக்கு அது என்ன செய்யும் என்று தோட்டத்தில் பிறந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "அட, அப்படியா" என்றார். பிறகு, "அண்ணிக்கு வந்துடுமா?" என்று கேட்டார். அதற்கு வராது என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. மருந்தால் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து துணைக்குத் தொற்றிய ஒரு சம்பவம்கூட, இப்படிப்பட்ட ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்த பார்ட்னர் ஆய்வுகளில் பதிவாகவில்லை.

இந்த சும்மா இருக்கும் செல் எவ்வளவு பிடிவாதமானது என்பதை உலகம் பார்த்த ஒரு இடம் நம் கோலாலம்பூர்தான். 2013 ஜூலையில் அங்கே நடந்த அனைத்துலக எய்ட்ஸ் கழக மாநாட்டுக்கு, எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்ததற்காக நோபல் வாங்கிய பிரான்சுவா பாரே-சினூசியும் நம் டாக்டர் அடீபா கமாருல்ஸாமானும் இணைத் தலைவர்கள். அதில் பாஸ்டன் நோயாளிகள் இருவரைப் பற்றி அறிவித்தார்கள். புற்றுநோய்க்காகத் தண்டு உயிரணு மாற்று செய்துகொண்டவர்கள், எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தியும் வைரஸ் தென்படவில்லை. அதற்கு முன் பெர்லினில் குணமான திமோத்தி ரே பிரவுனுக்கு, சிசிஆர்5 இல்லாத ஒருவரின் செல் கிடைத்திருந்தது. பாஸ்டன்காரர்களுக்குக் கிடைத்தது சாதாரண செல்தான், அதனால் நம்பிக்கை இன்னும் பெரிதாக இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இருவருக்கும் திரும்பிவிட்டது, ஒருவருக்கு மருந்தை நிறுத்திய 12-ஆம் வாரத்தில், இன்னொருவருக்கு 32-ஆம் வாரத்தில்.

அதற்குப் பிறகு ஆராய்ச்சி இரண்டு திசையில் போகிறது. ஒன்று, மருந்து கொடுத்துக்கொண்டே செல்லை எழுப்பி, வைரஸை வெளியே வரவைத்து, செல்லைக் கொல்வது. வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்து ஹிஸ்டோனைத் தளர்த்தும், அதைக் கொடுத்தால் வைரஸின் ஆர்.என்.ஏ. கூடுகிறது என்று 2012-ல் காட்டினார்கள். ஆனால் எழுந்த செல்கள் சாகவில்லை, வைரஸ் ஒளிந்திருக்கும் செல்களின் எண்ணிக்கையும் குறையவில்லை. இன்னொன்று நேர் எதிர்: டாட்டை முடக்கி, அந்த இடத்தை இன்னும் இறுக்கி, எழவே முடியாதபடி செய்துவிடுவது. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் மருந்தே இல்லாமல் இதற்கு மிக நெருக்கமான ஒன்று சிலர் உடலில் நடந்திருக்கிறது.

எச்.ஐ.வி. உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார்கள், மருந்தில்லாமலே வைரஸை அடக்கி வைத்திருப்பவர்கள். அவர்களில் பலருக்கு எச்.எல்.ஏ.-பி57 போன்ற மரபணு வகைகள் இருக்கும். வைரஸ் மாற்றிக்கொள்ள முடியாத பகுதிகளை அவர்களின் கொல்லும் டி செல்கள் குறிவைக்கின்றன. 2020-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இப்படிப்பட்ட 64 பேரின் செல்களைப் பார்த்தது. அவர்களிடம் மிஞ்சியிருந்த முழு வைரஸ்கள், மருந்து எடுக்கும் மற்றவர்களிடம் இருப்பதைவிட அதிகமாக, படிக்கப்படாத டி.என்.ஏ. பகுதிகளில், குரோமோசோம் நடுவில் உள்ள இறுகிய இடங்களில், மாட்டிக்கொண்டிருந்தன. வைரஸ் அங்கே போய் விழ விரும்பியதாகத் தெரியவில்லை. படிக்கப்படும் இடங்களில் விழுந்தவை எழுந்து, கண்ணில் பட்டு, செல்லோடு அழிக்கப்பட்டிருக்க வேண்டும். எழ முடியாதவை மட்டும் மிஞ்சின.

அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் அதுவும் மிஞ்சவில்லை. அவருடைய 100 கோடிக்கும் மேற்பட்ட ரத்த செல்களில் தேடியும், 2021-ல் வெளியிட்ட முடிவின்படி, பெருகக்கூடிய ஒரு முழு வைரஸ்கூட அகப்படவில்லை. பழுதான சில பிரதிகள் மட்டும் கிடைத்தன, ஒரு காலத்தில் அது அவர் உடலுக்குள் வந்து பெருகியும் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக.